ஜுரமா, புகாரா?

வடக்கே வரும் சென்னைப் புறநகர் மின்ரயில்களில் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கு மேலே போக வேண்டியவர்கள் சூளூர்பேட்டை, நெல்லூர் பக்கம் போகிற வண்டியைப் பிடிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியை விட்டால் எளாவூர், அதை விட்டால் ஆரம்பாக்கம். அடுத்த நிலையமான தடா ஆந்திரத்தில் இருக்கிறது. பெயரில் ஆரம்பம் இருந்தாலும், சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வருகிறவருக்குத் தமிழ்நாடு முடிகிற ஊர் இதுதான்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மாநில எல்லை என்பது பஸ்ஸில் தாண்டிப் போகிற ஒரு கோடு. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், வடக்கே ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. அண்ணன் ஒரு மாநிலத்துக்கும் தம்பி இன்னொரு மாநிலத்துக்கும் ஷிப்டுக்குப் போய்விட்டு, ராத்திரி ஒரே வீட்டில் சாப்பிடுகிற ஊர்ப்பக்கம். சிப்காட்டின் இரும்பு ஆலைகளில் உலைக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

இத்தனை மொழிக்காரர்கள் கூடுகிற இடத்தில் காய்ச்சலை எப்படிச் சொல்வது? நம் ஊரில் ஜுரம், பேச்சில் ஜொரம். தெலுங்கில் ஜ்வரம். ஒடியாவிலும் வங்காளத்திலும் அதே சொல்தான், உச்சரிப்பு கொஞ்சம் மாறும். ஆந்திரக்காரரும் ஒடிசாக்காரரும் தப்பித்துவிடுவார்கள். மாட்டிக்கொள்பவர் பீகார்க்காரர். இந்தியில் காய்ச்சலுக்கு 'புகார்' என்று பெயர். அவர் வந்து நின்று "புகார்" என்றால், நம் காதில் விழுவது வேறு. யார்மேல் புகார், என்ன புகார் என்றுதான் கேட்கத் தோன்றும்.

சிரிப்பாக இருந்தாலும், தொற்றுநோயியலின் முதல் பாடம் இந்தக் குழப்பத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு காய்ச்சல் உடம்பில் இருக்கும்வரை அது நோய். யாரோ ஒருவர் அதைக் கேட்டு, தேதி, தெரு, வயது போட்டு நோட்டில் எழுதியபிறகு அது தகவல். 'நோய்க் கண்காணிப்பு' என்று புத்தகங்கள் சொல்வது, காய்ச்சலைப் புகாராகப் பதிவு செய்கிற வேலையைத்தான். சென்னை 2020இல் அந்த வேலையை எப்படிச் செய்தது, செய்ததில் இன்றைக்கு எது மிச்சம் என்பதே இந்த அத்தியாயம்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7 அன்று உறுதியானார். ஓமனிலிருந்து திரும்பியவர். அப்போது மாநிலத்தில் இந்தப் பரிசோதனைக்கு முக்கிய இடமாக இருந்தது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். 1899இல் தொடங்கிய நிறுவனம் அது. பெரியம்மைத் தடுப்பூசிக்கான அம்மைப்பால் தயாரித்த இடம். நூறு வருஷத்துக்கு முன் ஒரு கொள்ளைநோய்க்காகக் கட்டிய கட்டடம் இன்னொரு கொள்ளைநோய்க்கு முதல் வாசலாக நின்றது. ஓராண்டுக்குள் மாநிலத்தில் பரிசோதனைக் கூடங்கள் இருநூறைத் தாண்டின. பல மாநிலங்கள் அரைமணி நேரத்தில் முடிவு சொல்லும் விரைவுப் பரிசோதனையைக் கலந்து எண்ணிக்கையைக் கூட்டியபோது, தமிழ்நாடு ஆர்டி-பிசிஆர் ஒன்றையே பிடித்துக்கொண்டது. முடிவு வர நேரமாகும், செலவும் கூடுதல். ஆனால் விரைவுப் பரிசோதனையைவிட இதில் தவறவிடும் நோயாளிகள் குறைவு. அந்தப் பிடிவாதம் சரியானது என்பதே என் கட்சி.

ஏப்ரல் முடிவில் கோயம்பேடு வெடித்தது. மார்க்கெட்டுக்கு உள்ளேயிருந்து நோய் கிளம்பியபோது, அது சுமைதூக்குபவர்களோடும் லாரிக்காரர்களோடும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் ஊராகப் போய் இறங்கியது. மே 5இல் மார்க்கெட்டை மூடினார்கள். சில நாட்களில் காய்கறிக் கடைகள் திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாறின. சென்னையின் ஒரு பிரச்சினைக்கு நம் மாவட்டத்தில் இடம் தேடுவது ஒன்றும் புதிதல்ல என்று இங்குள்ளவர்கள் அப்போது முணுமுணுத்தார்கள். அதிலும் நியாயம் உண்டு.

ஒரு மார்க்கெட் இத்தனை மாவட்டங்களைத் தொட்டது எப்படி என்பதற்கு விடை அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் வந்தது. ரமணன் லட்சுமிநாராயண் தலைமையில் ஒரு குழு, தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டு மாநிலங்களின் தொடர்புத்தடப் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். அதுவரை உலகில் எந்த நாட்டிலும் இவ்வளவு பெரிய தொடர்புத்தட ஆய்வு வந்ததில்லை. கணினிக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தது, ஆரம்பாக்கம் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் நோட்டுகள்.

அதில் வந்த ஒரு எண் என்னைத் தூங்கவிடவில்லை. நோயாளிகளில் சுமார் 70 விழுக்காட்டினர் தங்கள் தொடர்பில் இருந்த ஒருவருக்கும் நோயைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. பத்துப் பேரில் ஏழு பேரிடம் சங்கிலி அறுந்துவிடுகிறது. மீதி மூன்று பேர்தான் மொத்தத் தொற்றையும் சுமக்கிறார்கள். இவர்கள் கெட்டவர்கள் என்றோ கவனமில்லாதவர்கள் என்றோ பொருளில்லை. நோய் உச்சத்தில் இருந்த இரண்டு மூன்று நாட்களில், காற்றோட்டமில்லாத இடத்தில், கூட்டத்தின் நடுவில் இருக்க நேர்ந்தவர்கள். அது ஒரு மார்க்கெட்டாக இருக்கலாம். ஷீட் போட்ட அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கும் தொழிலாளர் குடியிருப்பாகவும் இருக்கலாம்.

இது புரிந்தால் தேடுகிற திசையே மாறும். ஒருவருக்கு நோய் வந்தால் 'இவர் யாருக்குக் கொடுத்தார்' என்றுதான் வழக்கமாகத் துரத்துவோம். பத்தில் ஏழு தடவை அது வெறுங்கையோடு திரும்பும் ஓட்டம். 'இவருக்கு எங்கே வந்தது' என்று பின்னோக்கிக் கேட்டால், அந்த மூன்று பேர் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ஜப்பான் தொடக்கத்திலிருந்தே இப்படிப் பின்னோக்கிப் போய்த் தொற்றுக் கொத்துகளைத் தேடியது. நம் ஊரில் கோயம்பேட்டைக் கண்டுபிடித்ததும் இதே கேள்வியால்தான்.

கோயம்பேடு வெடித்த அதே ஏப்ரலில் வேலூர் மாவட்டத்தில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆந்திரத்திலிருந்து ஆள் வரக்கூடாதென்று எல்லைச் சாலைகளுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். உண்மையான சுவர், கல்லும் சிமென்ட்டும். எதிர்ப்பு கிளம்பவே உடனே இடிக்கவும் செய்தார்கள். எளாவூர் சோதனைச் சாவடியில் சுவர் எழும்பவில்லை. இ-பாஸும் தெர்மாமீட்டரும் இருந்தன. ஆனால் காய்ச்சல் வருவதற்கு முன்பே தொற்றவைக்கிற வைரஸ் இது. சாவடியில் நெற்றியில் சுட்டுப் பார்த்து 36.8 என்று வந்தவர், நாலு நாள் கழித்து வீட்டில் படுப்பார். அன்றைக்கு அவரைத் தேடி யார் போவார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படித் தேடிப் போக ஆரம்பித்ததுதான் காய்ச்சல் முகாம். 2020 மே மாதம் சென்னை மாநகராட்சி தொடங்கியது, 15 மண்டலம், 200 வார்டு முழுக்க நாள்தோறும் நூற்றுக்கணக்கில் நடந்தது, பிறகு பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட களப்பணியாளர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுப் பேரெழுதி அனுப்பினார்கள். முகாமைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். தெருமுனையில் ஒரு மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மேசைமேல் நோட்டு, தெர்மாமீட்டர், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், பாராசிட்டமால், ஜிங்க் மாத்திரை. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டிரம்மில் கபசுரக் குடிநீர். கபசுரக் குடிநீர் வைரஸை என்ன செய்தது என்பது தனி விவாதம். ஆளை மேசைக்கு இழுத்து வந்தது என்பதில் விவாதமே கிடையாது.

"இன்னாம்மா, ஜொரம் இருக்குதா?"

"ஜொரம்லாம் இல்ல நர்சம்மா."

"வேற?"

"ரெண்டு நாளா ஒடம்பு முடியல. வாய்ல ருசியே தெரியல."

நோட்டில் ஏறியது அந்தக் கடைசி வரிதான். காய்ச்சல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள ஜனங்களுக்குப் பயம். சொன்னால் வாசலில் தகரம் அடிப்பார்கள், தெருவே வேடிக்கை பார்க்கும், வாடகை வீடென்றால் காலி செய்யச் சொல்வார்கள். தெரியாத ஆள் கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்பதுதான் பதில். நாலு வருஷமாகக் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த நர்சம்மா கேட்டால்தான் 'ருசி தெரியல' வெளியே வரும். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த ஒரு வரியை வாங்கித் தருவது பழக்கம். அந்தப் பழக்கத்தைப் போலியோ சொட்டு மருந்து நாட்களிலும், டெங்குக் காலத்தில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்த நாட்களிலும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

முகாமால் எல்லாரையும் கண்டுபிடிக்க முடிந்ததா? இல்லை. 2020 ஜூலையில் சென்னையில் 12,405 பேரின் ரத்தத்தை எடுத்து, நோயை எதிர்த்த தடயம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 21.5 விழுக்காட்டினரிடம் இருந்தது. எழுபது லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள நகரத்தில், ஏறக்குறைய பதினைந்து லட்சம் பேருக்கு நோய் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பதிவேட்டில் இருந்த நோயாளிகள் சுமார் ஒரு லட்சம். ஒருவரைக் கண்டுபிடித்த நேரத்தில் பதினாலு பேர் நம் கண்ணில் படாமல் போயிருக்கிறார்கள். அதிலும் வடசென்னையின் தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44.2, மாதவரத்தில் 7.1. பக்கத்துப் பக்கத்து மண்டலங்கள். நெருக்கமாக வாழ்ந்த ஜனம் அதிகம் வாங்கிக்கொண்டது.

அப்படியானால் அந்த மேசையால் என்ன பயன்? சாக வேண்டியிருந்தவரைச் சரியான நாளில் பிடித்ததுதான் பயன். அதைச் செய்த கருவி ஆக்சிமீட்டர். அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேசலாம்.

நம் ஏரிகளை வைத்தே சொல்கிறேன். ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கும்போது மதகில் ஒரு அளவில் தண்ணீர் ஓடும். ஏரி கொஞ்சம் வற்றினால் மதகை இன்னும் கொஞ்சம் தூக்கி, அதே அளவு தண்ணீரைக் கால்வாயில் விடுவார்கள். கடைமடைக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஏரி தூர் தட்டும்போதுதான் கால்வாய் திடீரென்று காயும். நுரையீரலும் ரத்தமும் அப்படித்தான். ரத்தத்தில் கரைந்த ஆக்சிஜனின் அழுத்தம் 100இலிருந்து 60க்கு இறங்கினாலும், ஹீமோகுளோபின் சுமக்கும் அளவு 97, 98இலிருந்து 90க்குத்தான் இறங்கும். அதற்குக் கீழே போனால் சரிவு செங்குத்து. ஆக்சிமீட்டரில் 93 என்று பார்ப்பது, கால்வாயில் தண்ணீர் லேசாகக் குறைந்ததைப் பார்ப்பது. அப்போதே ஏரி பெருமளவு வற்றியிருக்கும்.

கொரோனாவின் தந்திரம், மூச்சு முட்டாமலேயே இந்த எண் இறங்கியது. நமக்கு மூச்சு வாங்குவதற்கு முக்கியக் காரணம், உடம்பில் கரியமில வாயு சேர்வது. இந்த நோயில் ஆக்சிஜன் உள்ளே போவது கெட்டாலும், கரியமில வாயு வெளியேறுவது பல நாள் கெடாமல் இருந்தது. ஆள் திண்ணையில் உட்கார்ந்து பீடி கேட்பார். விரலில் மாட்டினால் 86. இப்படிப்பட்டவரை வீட்டில் விட்டிருந்தால் மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ். தெருமுனை மேசையில் பிடித்தால், அன்றைக்கே ஆக்சிஜன் படுக்கை.

இந்தக் கருவியின் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயகி. 1970களின் தொடக்கத்தில், துடிக்கிற ரத்தத்தின் வழியே இரண்டு நிற ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று ஒப்பிட்டார். தன் கருவி உலகத்தின் எல்லா வீட்டுக்குள்ளும் நுழையத் தொடங்கிய 2020 ஏப்ரலில், 84 வயதில் காலமானார். ஒளியை வைத்து அளப்பதால் இதில் ஒரு கோளாறும் உண்டு. தோல் கறுப்பாக இருந்தால் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலான எண்ணைக் காட்டிவிடும். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் இதை எண்களோடு எழுதினார்கள். கறுப்பின நோயாளிகளிடம் இந்த ஏமாற்று வெள்ளையரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் நிறத்துக்கு 94 என்பதைக் கோடாகப் பிடித்துக்கொள்ளாமல், 95இலேயே இன்னொரு முறை மாட்டிப் பார்ப்பது புத்தி.

2021 மே மாதத்தில் எந்த மேசையும் போதவில்லை. சென்னையில் மட்டும் ஒரே நாளில் ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நோயாளிகள்; மாநிலத்தில் மே 21 அன்று 36,184. தேனாம்பேட்டையில் எல்லாப் படுக்கைகளையும் ஒரே திரையில் காட்டும் கட்டளை மையம் திறந்தார்கள். மே 14இல் மேற்கு வங்கத்துத் துர்காபூரிலிருந்து திரவ ஆக்சிஜன் ஏற்றிய முதல் ரயில் தண்டையார்பேட்டை வந்து சேர்ந்தது. கூடூர் வழியாக வருகிற பாதை இது. ஆரம்பாக்கம் நிலையத்தில் நிற்காமல் கடந்திருக்கும். ஓராண்டுக்கு முன் அதே பாதைக்குப் பக்கத்து நெடுஞ்சாலையில்தான் வடநாட்டுத் தொழிலாளர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தார்கள். அவர்களின் காய்ச்சலை எந்த மாநிலத்தின் நோட்டில் எழுதுவது என்ற கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. சென்னை தன் வார்டுகளுக்குள் எவ்வளவு நன்றாக எண்ணியதோ, அவ்வளவு மோசமாக இந்தச் சாலையில் எண்ணிக்கை தவறியது.

சரி, என்ன மிஞ்சியது?

மிஞ்சியதில் பெரியது, கொரோனாவோடு நேரடித் தொடர்பில்லாதது போலத் தெரியும் ஒன்று. மேலே சொன்ன இரு மாநில ஆய்வில், இறந்தவர்களில் 63 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே ஒரு நோயாவது இருந்தது. 45 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. அதே காலத்தில் தமிழ்நாட்டில் எடுத்த இன்னொரு கணக்கெடுப்பில், ரத்தக்கொதிப்பு உள்ள நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. வைரஸ் புதிது. அது கொன்றவர்களின் உடம்பில் இருந்த ஓட்டை பழையது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த ஓட்டையை அடைக்க வந்தது. தன்னார்வலர் ஒருவர் பிரஷர் மெஷினோடு வீட்டுக்கு வருவார், சர்க்கரை பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். ஊரடங்கில் பழகிய கதவு தட்டலை, ஊரடங்கு முடிந்தும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வந்தது. அதே ஆண்டு தொழிற்சாலைக்குள்ளேயே போய்ப் பார்க்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவமும் வந்தது. கும்மிடிப்பூண்டி போன்ற ஊருக்கு வீட்டுக் கதவைவிட ஆலை கேட்டைத் தட்டுவதுதான் பொருந்தும். பகல் ஷிப்டில் இருப்பவரை வீட்டில் தேடிப் பயனில்லை.

திருவள்ளூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கொரோனாவால் வந்ததென்று சிலர் பேசுகிறார்கள். அந்தத் திட்டத்துக்கு அனுமதி அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. கணக்கைக் கலக்க வேண்டாம்.

மிஞ்சாதது ஆட்கள். வீடு வீடாகப் போன களப்பணியாளர்கள் அலை ஓய்ந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2020இல் அவசரத்துக்கு எடுத்த ஒப்பந்த செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31தான் கடைசி நாள் என்றார்கள். புத்தாண்டை அவர்கள் போராட்டத்தில் தொடங்கினார்கள். நிதிக் கணக்கில் இதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் ஒரு தெருவில் எந்த வீட்டில் சர்க்கரைக்காரர் இருக்கிறார், எந்த வீட்டுக்காரர் காய்ச்சலை மறைப்பார் என்று இரண்டு வருஷம் நடந்து தெரிந்துகொண்ட ஒருவரை அனுப்பிவிட்டால், அந்த அறிவு எந்த சர்வரிலும் சேமிக்கப்படுவதில்லை. அடுத்த முறை பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இது கஞ்சத்தனமான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் 2020இல் நாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. சென்னை மாகாணத்தில் சிகிச்சைக்கென்று ஒரு துறை இருக்க, நோய் வராமல் பார்க்கவென்று 1920களிலேயே தனித் துறை அமைத்தார்கள். 1939இல் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் அமைச்சராக இருந்தபோது பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுவே முதல். சுகாதார அதிகாரி, சுகாதார ஆய்வாளர், பின்னாளில் கிராம சுகாதார செவிலியர் என்று ஊர்வரை இறங்குகிற வரிசை இந்த மரபில் வந்தது. காலரா, அம்மை, மலேரியா என்று ஒவ்வொரு நோயிலும் அந்த வரிசையைக் கலைக்காமல் வைத்திருந்தார்கள். தெருமுனை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த நர்சம்மாவை 2020இல் யாரும் உருவாக்கவில்லை. அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

இப்போதும் இருக்கிறார். உங்கள் வீட்டிலோ, நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கிற அறையில் தங்கும் வடநாட்டுப் பிள்ளைகளுக்கோ இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு முடித்துவிடாமல் துணை சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஜுரம் என்று சொன்னாலும் சரி, புகார் என்று சொன்னாலும் சரி, அவர் எழுதிக்கொள்வார்.